பலன்ஸ் சக்கரத்துக்கு ஒரு தங்கத் திருகாணி

அமெரிக்காவின் வால்தம் கொம்பனி செய்த ரிவர்சைட் ரகச் சட்டைப்பை மணிக்கூடு. 16 அளவு, அதாவது மெஷினின் விட்டம் 43 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நிக்கல் தட்டுகள், அவற்றின் மேல் அலையலையாகக் கோட்டு வேலைப்பாடு, சிவப்புக் கற்களைச் சுற்றித் தங்க வளையங்கள். வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு ஐயாவின் தகப்பனார் றெயில்வேயில் வேலை செய்த காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த மணிக்கூடு. "ஓடுது தம்பி, ஆனா அது தன்ர பாட்டில ஓடுது" என்று சொல்லித் தந்தார். உண்மைதான். மேசையில் கிடத்தி வைத்தால் ஒரு நேரம் காட்டும், கொளுவி வைத்தால் வேறொரு நேரம் காட்டும்.

முழு சேர்விஸையும் இங்கே எழுதப்போவதில்லை. கழற்றியது, கழுவியது, எண்ணெய் விட்டது எல்லாம் வழக்கமான வேலைதான். பலன்ஸ் சக்கரத்தில், அதாவது இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரத்தில், இருக்கும் ஒரேயொரு திருகாணியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அரிசிமணியில் கால்வாசி கூட இல்லாத அந்தத் திருகாணிக்காகச் செட்டியார் தெருவுக்குப் போய் ஒரு பத்தரிடம் தங்கம் உருக்க வேண்டிவந்தது.

முதலில் டைம்கிராஃபரில், அதாவது டிக் சத்தத்தைக் கேட்டு முந்தல் பிந்தலைக் காட்டும் கருவியில், போட்டுப் பார்த்தேன். முகம் மேலே இருக்கும்படி கிடத்தியபோது நாளொன்றுக்கு ஒன்றரை நிமிடம் முந்தியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பான ரெகுலேட்டரைக் கடைசிவரை 'மெது' பக்கம் தள்ளி வைத்திருந்தும் இந்த முந்தல். நிமிர்த்தி, முறுக்கும் குமிழ் மேலே இருக்கும்படி பிடித்தால் அதற்கும் மேல் இரண்டு நிமிடம் முந்தியது. தலைகீழாக, குமிழ் கீழே பிடித்தால் கிடந்த நிலையைவிட இரண்டு நிமிடம் பிந்தியது. நிமிர்ந்த நிலைகளில் பலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, அதாவது அது நடுவிலிருந்து ஒரு பக்கம் ஆடிப்போகும் தூரம், 190 பாகையளவில் இருந்தது. எண்ணெய் காய்ந்து பிசினாகிப்போன மெஷினுக்கு அது ஆச்சரியமான வீச்சு இல்லை.

கழுவி எண்ணெய் விட்டதும் வீச்சு 260 பாகைக்கு ஏறியது. இப்போது பழைய கணக்கு அப்படியே தலைகீழாக மாறியது. குமிழ் மேலே இருந்தால் மூன்று நிமிடம் பிந்தல், குமிழ் கீழே இருந்தால் மூன்று நிமிடம் முந்தல். மெஷினுக்கு வேறு ஏதோ நடந்துவிட்டது என்று பதறுகிற இடம் இது. உண்மையில் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பலன்ஸ் சக்கரத்தின் ஒரு பக்கம் பாரம் கூடி இருந்தால், வீச்சு 220 பாகைக்குக் கீழே இருக்கும்போது, அந்தப் பாரப் பக்கம் அடியில் நிற்கும் நிலையில் மணிக்கூடு முந்தும். 220க்கு மேலே போனால் அதே நிலையில் பிந்தும். சரியாக 220இல் பாரக் கோளாறே வெளியில் தெரியாது. வீச்சு மாறியதும் முந்தலும் பிந்தலும் இடம் மாறினால் குற்றம் ஹெயார்ஸ்பிரிங்கிலோ (சக்கரத்தை ஆட்டுகிற மெல்லிய சுருள்வில்) பற்களிலோ இல்லை, சக்கரம் சமனில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சக்கரத்தை வெளியில் எடுத்து லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. விளிம்பு முழுக்கச் சிவந்த மஞ்சளில் தங்கத் திருகாணிகள். ஒன்று மட்டும் பச்சை கலந்த மஞ்சள், தலையும் மற்றவற்றைவிட நீளம். பித்தளை. எப்போதோ யாரோ தொலைந்த திருகாணிக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார். பித்தளை இலேசு என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தலையை நீளமாக விட்டிருக்கிறார். அது போதவில்லை. சக்கரம் இலேசானதால் மணிக்கூடு வேகம் எடுத்திருக்கிறது. அதை அடக்க, சக்கரத்தின் குறுக்குக் கைகளின் முனையில் இருக்கும் நேரம் திருத்தும் திருகாணிகள் இரண்டையும் கழன்று விழும் அளவுக்கு வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். ரெகுலேட்டரும் ஓரத்தில். ஒரு குறையை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று.

இந்தச் சக்கரத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளிம்பு இரண்டு உலோகம்: உள்ளே உருக்கு, வெளியே பித்தளை, இரண்டும் ஒன்றாகப் பிணைந்தது. விளிம்பு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். வெப்பம் ஏறும்போது உருக்கு ஹெயார்ஸ்பிரிங்கின் வலு குறைந்து மணிக்கூடு பிந்தப் பார்க்கும். அதே வெப்பத்தில் பித்தளை உருக்கைவிடக் கூடுதலாக விரியும், வெட்டுப்பட்ட முனைகள் உள்ளே வளையும், அதோடு திருகாணிகளும் மையத்துக்குக் கிட்ட வரும், சக்கரம் சுறுசுறுப்பாகும். இழந்தது இப்படி ஈடாகிறது. எந்தத் துளையில் எந்தப் பாரம் என்பதுதான் இதில் எல்லாமே. வெட்டு முனைக்குக் கிட்டே இருக்கும் பாரம் வெப்பத்துக்கு அதிகம் நகரும், கைக்குக் கிட்டே இருப்பது அதிகம் நகராது. எங்கள் பித்தளைத் திருகாணி உட்கார்ந்திருந்தது வெட்டு முனைக்குப் பக்கத்துத் துளையில். அதனால் சமன் கெட்டது மட்டுமல்ல, வெப்ப ஈடும் ஒரு பாதியில் குறைந்துபோயிருந்தது.

ஏன் தங்கம் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பித்தளையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.5 கிராம் அளவு. 18 கரட் தங்கம் 15இலிருந்து 15.5 வரை, கலவையைப் பொறுத்து. சுத்தத் தங்கம் 19.3. அதே பருமனில் கிட்டத்தட்ட இரு மடங்கு பாரம். விளிம்பில் பாரம் வேண்டும், ஆனால் திருகாணித் தலை வெளியே நீட்டிக்கொண்டு தட்டில் உரசவும் கூடாது, காற்றை அலம்பவும் கூடாது. இந்த நெருக்கடிக்குத் தங்கம் தோதானது. துருப்பிடிக்காது, காந்தம் ஏறாது. கடற்காற்று வீசும் கொழும்பில் உருக்குத் திருகாணிகள் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த மெஷினிலேயே தட்டுத் திருகாணிகள் சிலவற்றின் நீலம் கறுத்து, ஓரத்தில் துருப்புள்ளி வந்துவிட்டது. தங்கம் மட்டும் செய்த அன்று எப்படியோ இன்றும் அப்படியே. பாரம் மாறவில்லை என்பதுதான் முக்கியம், மினுக்கம் மாறாதது உபரி.

பிளாற்றினமும் பாவித்திருக்கிறார்கள். அது இன்னும் பாரம், 21.4. ஆனால் அதைக் கடைவது தலைவலி, உளியோடு ஒட்டிக்கொண்டு வரும். எனக்குக் கிட்டவும் கிடைக்கவும் கூடியது தங்கம்தான். கொழும்பில் தங்கத்துக்கா பஞ்சம்?

எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்று தெரிய, பித்தளைக்கு நேரெதிரே இருந்த தங்கத் திருகாணியைக் கழற்றினேன். நேரெதிர்த் திருகாணிகள் இரண்டும் ஒரே பாரமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. என்னிடமுள்ள தராசு ஒரு மில்லிகிராம் வரைதான் காட்டும், அதுவும் மனம்போன போக்கில். இரத்தினக்கல் வியாபாரம் செய்கிற ஒரு நண்பரின் மேசைத் தராசு கரட்டில் ஆயிரத்தில் ஒன்று காட்டும். (இது தங்கத்தின் தரம் சொல்லும் கரட் அல்ல, கல் நிறுக்கும் கரட். ஒரு கரட் 0.2 கிராம்.) அதாவது 0.2 மில்லிகிராம் வரை படிக்கலாம். மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி மூடியைச் சாத்தி நிறுத்தோம். தங்கத் திருகாணி 0.087 கரட், அதாவது 17.4 மில்லிகிராம். பித்தளை 0.063, அதாவது 12.6 மில்லிகிராம். குறை 4.8 மில்லிகிராம். கல் வியாபாரி சிரித்தார், "இந்தத் தூசிக்கா என்ர மேசையைப் பிடிச்சனீ?" அந்தத் தூசி சக்கரத்தின் மையத்திலிருந்து எட்டு மில்லிமீற்றர் தள்ளி நின்று, நாளொன்றுக்கு ஆறு நிமிடத்துக்கு வேலை காட்டுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நம்பினாரோ தெரியாது.

அடுத்தது செட்டியார் தெரு. புதிய கதிரேசன் கோவில் பக்கம், மேல்மாடியில் பட்டறை வைத்திருக்கிற பத்தர் அண்ணை. கீழே கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னுகிற தாலிக்கொடிகளும் அட்டியல்களும் இப்படியான மேல்மாடிகளில்தான் பிறக்கின்றன. ஊதுகுழலும் மூசையும் வெண்காரமும் அரக்கும் சாமணமும் ஒரே பலகையில் கிடக்கும். பழைய திருகாணியைக் கையில் வாங்கி, தன் லூப்பில் பார்த்துவிட்டு, "தம்பி, இது மூக்குத்தி ஆணியிலும் சின்னனாக் கிடக்கே" என்றார். உடனே உரைகல்லை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். கல்லில் ஓர் இழுப்பு இழுத்தால் போகிற தங்கம் அவருக்குக் கணக்கில் வராது, எனக்கு வரும்.

"என்ன தரமெண்டு தெரியாம எப்பிடிச் செய்யிறது?"

"தரம் தேவையில்லை அண்ணை. பாரம் ஒண்டா வந்தாச் சரி. நிறமும் கிட்டமுட்ட வந்தா நல்லம்."

கடையில் புழங்குவது 22 கரட். அதிலேயே கம்பி இழுத்துத் தரட்டுமா என்று கேட்டார். 22 கரட் பாரம் கூடியது, ஆனால் மெத்தென்றிருக்கும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள காம்பில் புரி போட்டு, தலையில் வெட்டுப்போட்டு, திருப்புளியால் முறுக்கும்போது வெட்டு அகன்றுவிடும். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஓமோம், தோட்டுச் சுரையும் அப்பிடித்தான். 22இல புரி போட்டா ரெண்டு வரியத்தில தேஞ்சு போகும். ஆணிக்குக் கொஞ்சம் செம்பு கூட விடவேணும்" என்றார். மணிக்கூட்டுக்காரர்கள் புத்தகத்தில் படிக்கிற விஷயம் இது. தோடும் மூக்குத்தியும் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கத்தில் புரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரிடமிருந்த புரித்தட்டின் மிகச் சின்னத் துளை எனக்குப் பெரிது, ஆனால் தங்கத்தில் புரி எப்படிப் போடுவது என்ற அறிவு அவர் கையில் இருந்தது.

18 கரட்டாக இறக்குவது எளிய கணக்கு. 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 18 கரட்டில் 75 பங்கு. ஒரு கிராம் 22 கரட்டுக்கு 0.22 கிராம் கலப்பு சேர்த்தால் சரி. கலப்பில் செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். பழைய திருகாணியின் நிறத்துக்குச் செம்பைக் கொஞ்சம் தூக்கிப் போட்டார். மூசையில் வெண்காரத்தோடு உருக்கி, சின்னக் குச்சியாக ஊற்றி, அடித்து, கம்பியச்சில் இழுத்து 1.5 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். கடைசி இரண்டு மூன்று துளைகளுக்குக் காய்ச்சாமல் இழுக்கச் சொன்னேன். இழுக்க இழுக்கத் தங்கம் விறைக்கும், காய்ச்சினால் மறுபடி இளகிவிடும். நகைக்காரருக்கு இளக்கம் வேண்டும், எனக்கு விறைப்பு வேண்டும்.

வேலை நடக்கும்போது அவர் கேட்டார், "உந்த மணிக்கூட்டுக்குள்ள எவ்வளவு தங்கம் கிடக்கும்?" பலன்ஸ் திருகாணிகள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிராம் சொச்சம். ஒரு பவுண் எட்டுக் கிராம் என்று கணக்குப் பார்க்கிற தெருவில் இது பேச்சுக்கே எடுபடாத அளவு. தங்கக் கேஸ்களை உருக்கிவிட்டு மெஷினைத் தூக்கிப்போடுகிற வழக்கம் உலகம் முழுக்க இருந்தது, அதனால்தான் கேஸ் இல்லாத நல்ல மெஷின்கள் பழைய சாமான்களோடு இப்போதும் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் தங்கத்துக்கு விலை இல்லாததே அதைக் காப்பாற்றியது.

கற்களைச் சுற்றிய தங்க வளையங்களைப் பற்றியும் கேட்டார், அவை அவர் கண்ணுக்குக் கல் பதிக்கிற வேலையாகத் தெரிந்தன. கல் பதிக்கிற வேலையேதான். அந்தக் காலத்தில் கற்கள் இயற்கையானவை, அளவு ஒன்றுபோல் வராது. தட்டில் நேரே பதித்தால், கல் உடைந்தபோது தட்டையே கெடுக்க வேண்டிவரும். அதனால் கல்லை ஒரு தங்க வளையத்தில் பதித்து, வளையத்தைத் தட்டின் குழியில் வைத்துச் சின்னத் திருகாணிகளால் பிடித்தார்கள். கல் போனால் வளையத்தோடு கழற்றி மாற்றலாம். வளையத்தின் விளிம்பைக் கல்லின்மேல் மடித்து அமர்த்தத் தங்கத்தைப்போல் வளைந்துகொடுக்கும் உலோகம் இல்லை. ஒட்டியாணத்தில் கல் பதித்த கைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெர்னுயி என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டபின், ஒரே அளவில் கடைந்த கற்கள் மலிந்தன. இறுக்கி அழுத்தினாலே தட்டில் நிற்கும் என்றான பிறகு தங்க வளையத்துக்கு வேலை போய்விட்டது. ஜேர்மனியின் கிளாஸ்ஹூட்டவில் மணிக்கூடு செய்கிற லாங்கே போன்றவர்கள் இன்றும் அதை நீலத் திருகாணிகளோடு வைக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அது அலங்காரம், ரிவர்சைட்டில் அது வேலைக்காரன்.

இப்படி வேலைக்காரத் தங்கத்தையும் அலங்காரத் தங்கத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் விலைப்பட்டியல்களைப் படிப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். தானாக முறுக்கேறும் மணிக்கூடுகளின் ரோட்டரை, அதாவது உள்ளே சுழலும் பாரத் தகட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். கை அசையும்போது அது தொங்கி விழ வேண்டும், விழுகிற வேகத்தில் ஸ்பிரிங் முறுகும். பாரமும் ஆரமும் சேர்ந்துதான் வலு. மெஷின் முழுவதையும் மூடுகிற பெரிய ரோட்டருக்கு ஆரம் தாராளம், ஓரத்தில் கொஞ்சம் பாரம் இருந்தால் போதும், தங்கம் இல்லாமலும் சமாளிக்கும். மெஷினுக்குள்ளேயே புதைந்திருக்கும் குட்டி ரோட்டருக்கு அந்த வசதி இல்லை. ஆரம் குறைந்ததை அடர்த்தியால்தான் ஈடுகட்ட வேண்டும். 1960இல் வந்த பியாஜே கொம்பனியின் 12பி மெஷின், 2.3 மில்லிமீற்றர் தடிப்பில் தங்கக் குட்டி ரோட்டரோடு வந்தது. 1977இல் வந்த பட்டேக் பிலிப் 240இல் 22 கரட் குட்டி ரோட்டர். அங்கே தங்கம் இல்லாவிட்டால் மணிக்கூடு முறுகாது. ரங்ஸ்ரன் என்ற உலோகத்தின் அடர்த்தியும் 19.3க்குக் கிட்டத்தட்டச் சமன், விலையோ மிகக் குறைவு. ஆனால் அது நொறுங்கும் சுபாவமுள்ளது, கடைவதும் செதுக்குவதும் கடினம். இன்று பலர் அதைத்தான் போடுகிறார்கள், அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

எஃப்.பி. ஜூர்ன் என்ற மணிக்கூட்டுக்காரர் 2004இலிருந்து தட்டுகளையும் சக்கரங்களைத் தாங்கும் பாலங்களையுமே 18 கரட் ரோஸ் தங்கத்தில் செய்கிறார். தட்டுக்குப் பாரம் எதற்கு? அசையாமல் இருப்பதுதானே அதன் வேலை. பார்க்கக் கண் குளிரும், பழுதுபார்க்கிறவனுக்கு நெஞ்சு படபடக்கும், மெத்தான உலோகத்தில் ஒரு திருப்புளி வழுக்கினால் போதும். லாங்கேயின் பழைய 1ஏ தரச் சட்டைப்பை மணிக்கூடுகளில் நங்கூர நெம்பும் அது விட்டு விட்டுப் பிடிக்கிற தப்பும் சக்கரமும் கூடத் தங்கம். துருவுக்கும் காந்தத்துக்கும் பயமில்லை என்பது சரி. ஆனால் நொடிக்கு ஐந்து தடவை நின்று நின்று ஓட வேண்டிய சக்கரத்தைப் பாரமான உலோகத்தில் செய்வது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாரம் பலன்ஸ் விளிம்பில் இருந்தால் நண்பன், தப்பும் சக்கரத்தில் இருந்தால் சுமை.

சரி, கடைசல் மேசைக்கு வருவோம்.

கம்பியை கடைசலின் 1.5 மில்லிமீற்றர் கொலெட் பிடியில் பிடித்து, முதலில் காம்பைக் கடைந்தேன். உளியின் முகத்தைக் கண்ணாடிபோல் தீட்டாவிட்டால் தங்கம் வெட்டுப்படாமல் இழுபடும். தீட்டிய உளிக்கு அழகான சுருள் சுருளாக வரும். கடைசலுக்குக் கீழே வெள்ளைக் கடதாசி விரித்திருந்தேன். பத்தர் பட்டறையின் பழக்கம் தொற்றிவிட்டது. பழைய திருகாணியின் காம்பு புரியின் வெளி விட்டத்தில் 0.50 மில்லிமீற்றர். புதியதை அதைவிட ஒரு மயிரிழை மெல்லிசாக, 0.47க்கு இறக்கினேன். புரித்தட்டு உலோகத்தை வெட்டி எடுப்பதைவிட அமுக்கித் தள்ளுவதே அதிகம், மெத்தான உலோகத்தில் காம்பு புரியோடு உப்பி வரும். 0.50இலேயே தொடங்கினால் பாதி வழியில் இறுகி முறிந்து, முறிந்த துண்டு தட்டுக்குள்ளேயே சிக்கிவிடும். தேன்மெழுகைக் கொஞ்சம் தடவி, அரைத் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று போனேன். எண்ணெயைவிடத் தேன்மெழுகு என்பது பத்தர் அண்ணையின் யோசனை. ஆணிப் புரிக்கு அவர் அதைத்தான் பாவிக்கிறாராம். நன்றாக வேலை செய்தது.

புரித்தட்டில் எந்தத் துளை என்பதைப் பித்தளைத் திருகாணியை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துத் தேர்ந்தேன். வால்தத்தின் புரி இன்றைய அளவுகள் எதனோடும் ஒத்துப்போகாது. இந்த ஒரு விஷயத்தில் பித்தளைத் திருகாணியைப் போட்டவர் பெரிய உதவி செய்திருக்கிறார், அவருடைய புரி சக்கரத்தின் துளையைக் கெடுக்காமல் சரியாகப் பொருந்தியிருந்தது. தன் வேலை தெரிந்தவர்தான். தங்கம் கையில் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

தலையை 1.22 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் கடைந்து, நீளத்தை வேண்டுமென்றே கூடுதலாக விட்டு வெட்டி எடுத்தேன். பிறகு ஒரு பித்தளைக் கம்பியின் நுனியில் துளையிட்டு, திருகாணியைப் புரிப்பக்கமாக அதில் அரக்கு வைத்து ஒட்டி, தலையின் முகத்தைச் சீர்செய்தேன். அரக்கைச் சூடாக்கும்போது அளவோடு நிறுத்த வேண்டும், இழுத்து ஏற்றிய விறைப்பைத் தீ இறக்கிவிடக் கூடாது. இந்த விட்டத்தில் தலையின் நீளத்தை 0.06 மில்லிமீற்றர் குறைத்தால் ஒரு மில்லிகிராம் போகும். பித்தளையாக இருந்தால் ஒரு மில்லிகிராமுக்கு 0.1 மில்லிமீற்றர் எடுக்க வேண்டும். தங்கத்தின் நன்மையே இங்கே தொந்தரவாகிறது: ஒரு தடவை உளியைத் தொட்டால் போகிற பாரம் இரட்டிப்பு. வெட்டுப்போடும் அரத்தால் தலையில் கோடு இழுத்தபின்தான் கடைசி நிறுவை. வெட்டிலிருந்து போகிற தூள் மட்டும் ஒன்றரை மில்லிகிராமுக்குக் கிட்ட வரும். அதை மறந்து முன்பே நீளத்தைக் குறைத்தால் திருகாணி இலேசாகிவிடும், கூட்ட வழியில்லை.

அரக்கை மெதைலேற்றட் ஸ்பிரிட்டில் கரைத்துக் கழுவி, கல் தராசுக்கு மறுபடி போனேன். 0.089 கரட். 0.4 மில்லிகிராம் கூட. திருகாணிக்குக் கூடுதலாக இருப்பது நல்லது, குறைவாக இருப்பதுதான் சிக்கல். அந்த மிச்சத்தைத் தலையின் அடிப்பக்கத்தில், விளிம்போடு அமரும் இடத்தில், சின்னக் குழியாகச் சுரண்டி எடுக்கலாம். வெளியில் தெரியாது.

ஹெயார்ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தைச் சமன் பார்க்கும் தாடையில் வைத்தேன். இரண்டு மாணிக்க விளிம்புகள், அவற்றின்மேல் அச்சின் இரு முனைகள் மட்டும் தொட்டு நிற்கும். தாடை மட்டமாக இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக உருண்டு போகும், அதனால் முதலில் மேசையை மட்டப்படுத்த வேண்டும். பித்தளைத் திருகாணியோடு இதே தாடையில் வைத்தபோது அது ஒவ்வொரு தடவையும் சுற்றிவந்து மேலே நின்றது, ஊசலாடி நிற்கக்கூட நேரம் எடுக்கவில்லை. தங்கத் திருகாணியோடு வைத்தபோது சக்கரம் சோம்பலாக உருண்டு, புதிய திருகாணி அடியில் வந்து நின்றது. 0.4 மில்லிகிராம் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. அடிக்குழியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன். கடைசியில் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. விளிம்பை விரலாலோ சாமணத்தாலோ அமுக்காமல் இவ்வளவையும் செய்ய வேண்டும். வெட்டுப்பட்ட விளிம்பு, தொட்டால் வளையும், வளைந்தால் திருகாணிப் பாரம் எல்லாம் வீண். திருகாணியை முறுக்கும்போது விளிம்பின் அந்த இடத்தைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன மரக்கட்டையில் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறேன்.

எல்லாம் பூட்டி ஓடவிட்டபோது மணிக்கூடு நான்கு நிமிடத்துக்கு மேல் பிந்தியது. எதிர்பார்த்ததுதான். 4.8 மில்லிகிராம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் வெளியே இழுத்த திருகாணிகளும் ஓரத்துக்குத் தள்ளிய ரெகுலேட்டரும் இன்னும் பழைய இடத்தில். நேரம் திருத்தும் திருகாணிகள் இரண்டையும் ஒரே அளவு திருப்பாக, மாறி மாறி உள்ளே கொண்டுவந்தேன். ரெகுலேட்டரை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவை தொழிற்சாலையில் எங்கே இருந்திருக்குமோ அங்கே வந்து சேர்ந்ததும் நேரமும் வந்து சேர்ந்தது.

இப்போதைய கணக்கு: முகம் மேலே 6 நொடி முந்தல், முகம் கீழே 9 நொடி முந்தல், குமிழ் மேலே 2 நொடி பிந்தல், குமிழ் இடப்பக்கம் 10 நொடி முந்தல், வலப்பக்கம் 8 நொடி பிந்தல். நூறு வயதைத் தாண்டிய மெஷினுக்கு இது போதும். இன்னும் இறுக்கலாம், ஆனால் அதற்குப் பழைய திருகாணிகளில் கைவைக்க வேண்டும். அவற்றில் இருக்கும் தங்கம் வால்தத்தில் அளந்து வைத்த தங்கம், அதை நான் குறைக்கப்போவதில்லை.

வெப்ப ஈட்டையும் சோதித்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. கொழும்புக் காற்றில் அதைச் செய்தால், வெளியே எடுத்த மறுநிமிடம் உருக்கு ஸ்பிரிங்கில் ஈரம் கோத்துவிடும். அதனால் ஏசி அறையில் ஓரிரவும், தகரக் கூரைக்கடியில் மதிய வெக்கையில் ஒரு பகலும் ஓடவிட்டேன். இரண்டுக்கும் இடையில் 4 நொடி வித்தியாசம். பித்தளைத் திருகாணியோடு இதைச் சோதித்துப் பார்க்கவில்லை, அதன் நிலை குலைவில் வெப்பத்தின் பங்கைப் பிரித்தறிய முடியாது.

ஐயாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: காலையில் முறுக்குங்கோ, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று போடுங்கோ, வேறு யாரிடமாவது சேர்விஸுக்குக் கொடுத்தால் பலன்ஸ் திருகாணிகளைக் கழற்ற விடாதேங்கோ. பித்தளைத் திருகாணியையும் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடதாசியில் சேர்ந்த தங்கச் சீவல்களைப் பத்தர் அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தபோது நிறுத்துப் பார்த்துக் கூலியில் கழித்துக்கொண்டார். மிச்சக் கம்பி என்னிடம் இருக்கிறது. அடுத்து ஒரு எல்ஜின் மெஷின் வந்திருக்கிறது, அதில் மூன்று திருகாணிகள் இல்லை.